குவியலும் ஓட்டமும்: உயிருள்ள நரம்புக் கலத்தில் தன்னுண்ணலை அளத்தல்

விஞ்ஞான ஆய்வொன்றின் முடிவு மக்களிடையே பரவும் வேகத்தில், அம்முடிவு எம்முறையாற் பெறப்பட்டது என்னும் செய்தி பரவுவதில்லை. முடிவு பண்டமாகிச் சந்தைக்கு வருகின்றது. முறையோ ஆய்வுகூடத்திலேயே தங்கிவிடுகின்றது. தன்னுண்ணல் எனப்படும் உயிரியற் செயன்முறை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 2016 ஆம் ஆண்டில் அத்துறைக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டதன் பின்னர், உண்ணாதிருத்தல் கலங்களைத் துப்புரவு செய்யும், மூளையைப் புதுப்பிக்கும் என்னும் கூற்றுகள் உலகெங்கும் பரவின. நோன்புத் திட்டங்களும் குளிசைகளும் அக்கூற்றுகளின் பெயரால் விற்கப்படுகின்றன. ஆயின், உயிருள்ள விலங்கொன்றின் நரம்புக் கலத்தினுள் இச்செயன்முறை கூடியுள்ளதா, குறைந்துள்ளதா என்பதை எவ்வாறு அறிவது என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

அவ்வினாவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய ஆய்வைத் துறையாகக் கொண்ட நாம் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணங்கள் இரண்டு உள. நிலைத்து நிற்கும் ஒரு காட்சியிலிருந்து இயங்கும் ஒரு செயன்முறையை எவ்வாறு உய்த்துணர்வது என்னும் முறையியற் சிக்கல் இங்கு மிகத் தெளிவாக வெளிப்படுகின்றது; சமூக ஆய்விலும் இதே சிக்கலை நாம் எதிர்கொள்கின்றோம் என்பது முதலாவது காரணம். பசியை ஒரு நற்குணமாக மாற்றும் கூற்று, பசியைத் தெரிவாக அன்றி வாழ்நிலையாகக் கொண்ட மலையக மக்களின் நடுவே என்ன பொருளைப் பெறுகின்றது என்பது இரண்டாவது காரணம். பொகவந்தலாவையிலிருந்து நோக்குவோருக்கு இவ்விரண்டும் வேறுவேறானவை அல்ல.

1. தன்னுண்ணல் என்பது யாது?

1955 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் லூவெய்ன் பல்கலைக்கழகத்தில் கிறித்தியான் டி டூவும் அவரது குழுவினரும், எலியின் ஈரற் கலங்களில் சமிபாட்டு நொதியங்களைக் கொண்ட சிறு பைகள் உள்ளன என்பதை அறிவித்தனர். அப்பைகள் இலைசோசோம்கள் எனப் பெயர்பெற்றன. கலம் தனது சொந்தப் பகுதிகளையே இப்பைகளுக்கு அனுப்பிச் சிதைப்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்கள் காட்டத் தொடங்கியதும், 1963 ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற கருத்தரங்கொன்றில் டி டூவ் அச்செயலுக்குத் தன்னை உண்ணல் என்னும் பொருள்தரும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார்.

அச்சொல்லின் நேர்ப்பொருளிற் சிறிது மயக்கம் உண்டு. தன்னுண்ணல் என்றதும் அழிவே நினைவுக்கு வருகின்றது. உண்மையில் இது பேணற் செயலாகும். பழுதுற்ற இழைமணி, திரண்டுபோன புரதம் முதலியவற்றை ஓர் இரட்டை மென்சவ்வு சூழ்ந்து வளைத்து மூடிக்கொள்கின்றது. இவ்வாறு தோன்றுவதைத் தன்னுண்ணற் புடகம் என்போம். அப்புடகம் இலைசோசோமுடன் இணைகின்றது. உள்ளே அமிலத்தன்மை மிகுந்த சூழலில் நொதியங்கள் உள்ளடக்கத்தைச் சிதைக்கின்றன. சிதைவிலிருந்து வரும் அமினோ அமிலங்கள் மீண்டும் கலத்தின் ஆக்கத்திற்குப் பயன்படுகின்றன. ஆகவே சூழ்தல், இணைதல், சிதைத்தல், மீளப் பயன்படுத்தல் என்னும் படிகளைக் கொண்ட தொடரோட்டம் ஒன்றையே நாம் ஒரு பெயரால் அழைக்கின்றோம்.

பிரிந்து பெருகும் கலம் தன் கழிவைச் சேய்க்கலங்களிடையே பங்கிட்டுக் குறைத்துக்கொள்ளலாம். முதிர்ந்த நரம்புக் கலம் பிரிவதில்லை. விலங்கின் வாழ்நாள் முழுவதும் அதே கலமே பணிபுரிய வேண்டும். எனவே இவ்வோட்டம் நரம்புக் கலத்திற்கு ஏனைய கலங்களைவிட இன்றியமையாதது.

2. குவியலைக் கண்டு ஓட்டத்தை உரைத்தல்

நுணுக்குக்காட்டியினூடாக ஆய்வாளர் காண்பது ஓட்டத்தை அன்று. ஒரு கணத்தில் உறைந்துநிற்கும் புடகங்களின் எண்ணிக்கையையே காண்கின்றார். நோயுற்ற கலத்தில் புடகங்கள் மிகுந்திருப்பின் தன்னுண்ணல் கூடிவிட்டது என்று சொல்லத் தோன்றும். அம்முடிவு சரியாகவும் இருக்கலாம், நேரெதிராகவும் இருக்கலாம்.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. கொழுந்து வாட்டும் தொட்டிகளில் இலை உயர்ந்து குவிந்திருப்பதை ஒருவர் வாசலில் நின்று காண்கின்றார் எனக் கொள்வோம். மலையிலிருந்து வழமையிலும் மிகுதியாகக் கொழுந்து வந்திருக்கலாம். அன்றேல், வந்த கொழுந்து வழமையான அளவாயிருக்க, அடுத்த கட்டத்திலுள்ள ரோலர் இயந்திரம் பழுதுற்றிருக்கலாம். முன்னையது உற்பத்தியின் பெருக்கம்; பின்னையது உற்பத்தியின் முடக்கம். வாசலில் நிற்பவரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாறாக, தொட்டிகள் வெறுமையாயிருப்பின் வேலை நடைபெறவில்லை என்றும் கொள்ளமுடியாது. வரும் கொழுந்து உடனுக்குடன் அடுத்த கட்டத்திற்குச் சென்றுகொண்டிருக்கவும் கூடும்.

இச்சிக்கலைப் பொருளியலில் மார்க்ஸ் முன்னரே கண்டிருந்தார். ஏங்கெல்ஸ் பதிப்பித்து 1885 ஆம் ஆண்டில் வெளிவந்த மூலதனம் இரண்டாம் தொகுதியின் ஆறாம் அத்தியாயத்தில், பண்ட இருப்பின் பெருக்கம் பற்றி அவர் ஆராய்கின்றார். சுற்றோட்டம் தேங்கியதால் இருப்புப் பெருகும்போது, அப்பெருக்கம் மறுவுற்பத்தி விரிவடைந்ததன் அறிகுறியெனப் பிழையாகக் கொள்ளப்படக்கூடும் என்பது அவரது எச்சரிக்கை. பண்டத்திற்குரிய இவ்வெச்சரிக்கை புடகத்திற்கும் அப்படியே பொருந்துகின்றது. இது வெறும் உவமைப் பொருத்தம் அன்று. உள்வரவும் வெளிச்செலவும் கொண்ட எந்த இயக்கத்திலும், இடையில் நிற்கும் இருப்பை மட்டும் கொண்டு இயக்கத்தின் வேகத்தை அறிய முடியாது என்பது பொதுவிதி.

பொகவந்தலாவையின் சென் மேரிஸ் தேவாலயத் தோட்டத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1875 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து 1879 ஆம் ஆண்டில் மறைந்த அவர், இந்நாட்டிற் படமெடுத்தவர்களுள் தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். அக்காலத்து ஈரத்தட்டு முறையில் ஒளி பதிவதற்குப் பல விநாடிகள் வேண்டியிருந்தமையால் படத்திற்கு நிற்போர் அசையாது நிற்றல் வேண்டும். உழைத்து இயங்கும் உடல் உறைந்த உருவமாகவே தட்டில் பதிந்தது. அப்படங்கள் தோற்றத்தை உண்மையாகவே காட்டுகின்றன. உழைப்பின் வேகத்தையோ அதன் நாள் நீளத்தையோ அவற்றிலிருந்து படிக்க முடியாது. இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தின் வலிமையும் வரம்பும் இத்தகையனவே.

3. ஓட்டத்தை அளக்கும் வழிகள்

ஓட்டத்தை அறிய முதலாவது வழி, அதன் வெளிவாயிலை அடைத்துப் பார்ப்பதாகும். ரோலர் இயந்திரத்தை ஒரு மணிநேரம் நிறுத்தினால் தொட்டியில் எவ்வளவு இலை மேலதிகமாகச் சேர்கின்றதோ அதுவே அம்மணிநேரத்தின் உள்வரவு. யப்பானிய ஆய்வாளர் யொஷினோரி ஒசுமி மதுவக் கலத்தில் கையாண்டது இவ்வழியையே. சிதைக்கும் நொதியங்கள் அற்ற மதுவ வகையைத் தெரிந்து, அதனை உணவின்றி வைத்தார். சிதைவு நின்றுபோனதால், இயல்பில் தோன்றி மறையும் உடலங்கள் புன்வெற்றிடத்தினுள் திரண்டு சாதாரண நுணுக்குக்காட்டிக்கே தென்பட்டன. 1992 ஆம் ஆண்டில் வெளியான அவ்வவதானிப்பிலிருந்தே, அடுத்த ஆண்டில் இச்செயன்முறைக்குரிய பரம்பரை அலகுகள் இனங்காணப்பட்டன. 2016 ஆம் ஆண்டின் பரிசு இப்பணிக்கே வழங்கப்பட்டது.

விலங்கில் இவ்வழியைக் கையாளும்போது இலைசோசோமை முடக்கும் மருந்து தேவைப்படுகின்றது. குளோரோகுயின் அத்தகைய ஒன்று. மலேரியாவை எதிர்த்து எமது நாட்டவர் நெடுங்காலம் விழுங்கிய அதே குளிசைதான், இலைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைக்கும் ஆய்வுக் கருவியாகவும் பயன்படுகின்றது. 1984 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் இளம் எலிகளின் மூளைக்கு லியூபெப்டின் அல்லது குளோரோகுயின் செலுத்தப்பட்டபோது, முதுமையில் காணப்படுவதையொத்த அடர்ந்த கழிவுத் திரள்கள் விரைவில் நரம்புக் கலங்களிற் சேர்ந்தன. துப்புரவு நின்றால் இளமையிலும் முதுமையின் சுவடு தோன்றும் என்பதை அது காட்டியது. ஆயினும் இவ்வழிக்குக் குறைபாடுகள் உண்டு. மூளைக்கும் குருதிக்கும் இடையிலான தடையைப் பல மருந்துகள் எளிதிற் கடப்பதில்லை. கடப்பவை மூளையின் எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவில் அடைவதுமில்லை. நெடுநேர முடக்கம் கலத்தையே நோயுறச் செய்து, அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகின்றது.

இரண்டாவது வழி நிறத்தைப் பயன்படுத்துவது. எல்.சி.3 என்னும் புரதம் புடகத்தின் மென்சவ்விற் படிகின்றது; 2000 ஆம் ஆண்டில் இது புடகத்தின் அடையாளமாக நிறுவப்பட்டது. அதனுடன் பச்சை ஒளிர்வுப் புரதத்தைப் பிணைத்தால் ஒவ்வொரு புடகமும் பச்சைப் புள்ளியாகத் தெரியும். எனினும் இதுவும் குவியலை எண்ணும் முறையே. 2007 ஆம் ஆண்டில் வெளியான முறையில் எல்.சி.3 உடன் பச்சை, சிவப்பு ஆகிய இரு ஒளிர்வுப் புரதங்களும் ஒருங்கே பிணைக்கப்பட்டன. பச்சை அமிலத்தில் அவிந்துவிடும். சிவப்புத் தாங்கி நிற்கும். ஆகவே இலைசோசோமை அடையாத புடகம் இரு நிறமும் கலந்து மஞ்சளாகவும், அடைந்தது சிவப்பாகவும் தோன்றும். பச்சைக் கொழுந்து அரைபட்டுச் செம்பு நிறம் பெறுவதைக் கண்டு, அது எக்கட்டத்தைத் தாண்டியது என்று தொழிலாளி அறிவதைப் போன்றது இது. ஒரே படத்தில் இரு கட்டங்களின் விகிதத்தையும் காணமுடிவதால் ஓட்டத்தைப் பற்றிய செய்தி கிடைக்கின்றது.

மூன்றாவது வழி, சிதைக்கப்பட வேண்டிய பொருளைக் கணிப்பது. பி62 என்னும் புரதம் கழிவைப் புடகத்துடன் இணைத்துத் தானும் அதனுடன் சிதைகின்றது. ஓட்டம் தடைப்படின் அது தேங்கும். ஆனால் கலம் பி62 ஐ மிகுதியாக ஆக்கினாலும் அதன் அளவு கூடும். எனவே இதுவும் தனித்துநின்று சான்றாகாது. எல்.சி.3 கூட, மிகையாக ஆக்கப்படும்போது, தன்னுண்ணலோடு தொடர்பின்றியே புரதத் திரள்களில் ஒட்டிப் போலிப் புள்ளிகளைத் தரக்கூடும். 2008 ஆம் ஆண்டு முதல் பல பதிப்புகளாக வெளிவந்துள்ள பன்னாட்டு ஆய்வாளர்களின் வழிகாட்டு நெறிகள், 2021 ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு உட்பட, ஒரே அளவீட்டை நம்பலாகாது என்பதை வலியுறுத்துவது இதனாலேயே.

உயிருள்ள விலங்கில் அளத்தல் என்னும் தொடரையும் இங்கு தெளிவுபடுத்தல் வேண்டும். பெரும்பாலான ஆய்வுகளில் செயன்முறை உயிருள்ள உடலில் நிகழ்கின்றது. படமோ விலங்கு கொல்லப்பட்டு மூளை சீவப்பட்ட பின்னரே எடுக்கப்படுகின்றது. ஒளி ஊடுருவும் உடலைக்கொண்ட புழுவிலும் மீன் குடம்பியிலும் உயிருடன் இருக்கும்போதே புடகத்தின் நகர்வைக் காணலாம். சுண்டெலியின் மண்டையோட்டில் சிறு கண்ணாடிச் சாளரம் பொருத்தி மூளையின் மேற்படையை நாட்கணக்காக நோக்கும் முறையும் உண்டு. மூளையின் ஆழத்தை அது எட்டுவதில்லை. எந்தக் காட்சி எந்நிலையில் எடுக்கப்பட்டது என்பதைக் கேளாமல் முடிவை மட்டும் ஏற்பது முறையன்று.

4. நரம்புக் கலத்தின் தனியியல்பு

2004 ஆம் ஆண்டில் நொபொரு மிசுஷிமாவும் உடன்பணியாற்றியோரும், உடலெங்கும் பச்சையாக ஒளிரும் எல்.சி.3 ஐக் கொண்ட சுண்டெலியை உருவாக்கினர். அதனை உணவின்றி வைத்தபோது ஈரல், தசை முதலிய உறுப்புகளிற் புள்ளிகள் பெருகின. மூளையில் அத்தகைய பெருக்கம் தென்படவில்லை. மூளையில் தன்னுண்ணல் அருகியே நிகழ்கின்றது என்ற எண்ணத்திற்கு இதனால் இடமேற்பட்டது.

இரண்டே ஆண்டுகளில் அவ்வெண்ணம் தகர்ந்தது. 2006 ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வுக் குழுக்கள் இரண்டு, நரம்புக் கலங்களில் மட்டும் தன்னுண்ணலுக்குரிய பரம்பரை அலகை நீக்கிய சுண்டெலிகளைப் பற்றி அறிவித்தன. அவ்விலங்குகள் உணவு குறையாதிருந்தும் நடை தளர்ந்தன, அவற்றின் நரம்புக் கலங்களிற் புரதத் திரள்கள் சேர்ந்தன, கலங்கள் மடிந்தன. புள்ளிகள் தென்படாத இடத்தில் ஓட்டம் ஓயாது நடந்துகொண்டிருந்தது என்பதே இதன் பொருள். 2008 ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த ரல்ஃப் நிக்சன் குழுவினர், வளர்ப்பு ஊடகத்திலுள்ள நரம்புக் கலங்களின் இலைசோசோம் தொழிற்பாட்டை முடக்கியபோது புடகங்கள் விரைந்து குவிந்ததைக் காட்டினர். வெறுந்தொட்டி சோம்பலின் அறிகுறியன்று, திறமையின் விளைவு என்பது அதனால் விளங்கியது.

நரம்புக் கலத்தின் வடிவமும் அளவீட்டைச் சிக்கலாக்குகின்றது. மனிதரில் முண்ணாணிலிருந்து பாதம்வரை செல்லும் நரம்பு முளை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமானது. 2012 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, புடகங்கள் முளையின் நுனியில் தோன்றிக் கலவுடலை நோக்கிப் பயணிக்கையிலேயே படிப்படியாக முதிர்வதைக் காட்டியது. எனவே நுனியில் எடுக்கும் படமும் கலவுடலில் எடுக்கும் படமும் ஒரே பாதையின் இரு முனைகளைக் காட்டுவன. இடத்தைக் குறிப்பிடாத எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை.

5. நோயைப் படித்தல்

இவ்வேறுபாடு ஆய்வுகூடத்தின் நுண்விவாதம் மட்டும் அன்று. நோயாளருக்குக் கொடுக்கப்படும் மருந்தின் திசையையே அது தீர்மானிக்கின்றது. அல்சைமர் நோயில் இறந்தோரின் மூளையில் நரம்பு முளைகள் புடகங்களால் வீங்கியிருப்பதை 2005 ஆம் ஆண்டில் நிக்சன் குழுவினர் விரிவாகப் பதிவுசெய்தனர். இவ்வீக்கம் மிகையான உள்வரவின் விளைவெனின் உள்வரவைக் குறைத்தல் வேண்டும். வெளிவாயில் அடைபட்டதன் விளைவெனின் அடைப்பை நீக்க வேண்டும். அந்நிலையில் உள்வரவைத் தூண்டும் மருந்து தேக்கத்தை மேலும் பெருக்கவும் கூடும்.

2022 ஆம் ஆண்டில் அதே குழுவினர், இரு நிற எல்.சி.3 ஐ நரம்புக் கலங்களிற் கொண்ட சுண்டெலிகளை அல்சைமர் நோய் மாதிரிச் சுண்டெலிகள் ஐந்து வகையுடன் இணைத்து ஆராய்ந்தனர். மூளையில் வெளிப்படையான படிவுகள் தோன்றுவதற்கு முன்பே இலைசோசோமின் அமிலத்தன்மை குன்றியிருந்தது. சிதைக்கப்படாத பொருளால் நிறைந்த புடகங்கள் கருவைச் சூழ்ந்து மலர் போன்ற உருவில் விரிந்திருந்தன. இங்கு கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அமிலம் குன்றிய இலைசோசோமில் பச்சை அவிவதில்லை. ஆகவே இணைந்த புடகமும் இணையாததைப் போல மஞ்சளாகவே தோன்றும். இதனைப் பிரித்தறிய இலைசோசோமுக்குரிய மூன்றாவது அடையாளம் சேர்க்கப்பட்டது. கருவியின் குறையை அறிந்திருந்தமையே கண்டுபிடிப்பிற்கு வழிவகுத்தது.

வளர்ப்புக் கலத்தின் முடிவை விலங்கு மறுத்த நிகழ்வும் உண்டு. பிங்க்1 என்னும் பரம்பரை அலகின் பழுது பாக்கின்சன் நோயின் ஒருவகைக்குக் காரணமாகும். கலத்தட்டுப் பரிசோதனைகள் பழுதுற்ற இழைமணியை அகற்றுவதற்கு அது இன்றியமையாதது எனக் காட்டியிருந்தன. 2018 ஆம் ஆண்டில், இழைமணி அகற்றப்படுவதை நிறத்தாற் காட்டும் சுண்டெலிகளில் நடத்தப்பட்ட ஆய்வு, பிங்க்1 இல்லாதபோதும் மூளையில் இழைமணிகள் அன்றாடம் அகற்றப்படுவதைக் கண்டது. நெருக்கடியில் நிகழ்வதும் நாளாந்தம் நிகழ்வதும் ஒன்றல்ல என்பதை உயிருள்ள உடல்தான் உணர்த்தியது.

எமது அயலிலும் இவ்வாய்வு நடைபெறுகின்றது. பெங்களூரின் ஜவகர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆய்வு நிலையத்தில் ரவி மஞ்சித்தாயாவின் குழுவினர், பாக்கின்சன் நோயுடன் தொடர்புள்ள புரதத்தின் நச்சுத்தன்மையைக் குறைக்கும் சிறு மூலக்கூறொன்றை மதுவத்தில் தேடிக் கண்டு, அது தன்னுண்ணலைத் தூண்டுவதையும் சுண்டெலியின் நரம்புக் கலங்களைக் காப்பதையும் 2017 ஆம் ஆண்டில் அறிவித்தனர். மதுவத்திலிருந்து மூளைக்குச் செல்லும் பாதை நீண்டது. ஒவ்வொரு கட்டத்திலும் ஓட்டம் புதிதாக அளக்கப்பட வேண்டும்.

6. பட்டினி பற்றிய கூற்று

இப்பொழுது தொடக்கத்திற் குறிப்பிட்ட கூற்றுக்கு வருவோம். 2010 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து வெளியான ஆய்வொன்று, 24 முதல் 48 மணிநேரம் உணவின்றி வைக்கப்பட்ட சுண்டெலிகளின் மூளையப் புறணியிலும் சிறுமூளையின் பேர்க்கின்சே கலங்களிலும் புடகங்கள் பெருகின என்று அறிவித்தது. இது 2004 ஆம் ஆண்டின் அவதானிப்புக்கு மாறானது. பட்டினி மூளையைத் துப்புரவு செய்யும் என்னும் பரப்புரை சாய்ந்துநிற்பது இத்தகைய ஆய்வின் மீதுதான்.

இரண்டு ஆய்வுகளும் பெருமளவிற்குப் புள்ளிகளை எண்ணியவை. எண்ணும் முறையின் நுண்மை வேறுபட்டால் முடிவும் வேறுபடும். அன்றியும் சில பத்துக் கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு இரண்டு நாள் பட்டினி, அதன் உடல் எடையின் கணிசமான பகுதியை இழக்கச் செய்யும் கடும் நெருக்கடி. அதனை மனிதரின் ஒருவேளை நோன்புடன் சமன்படுத்துவதற்கு ஆதாரம் இல்லை. உயிருள்ள மனிதரின் மூளைக் கலத்தில் தன்னுண்ணலின் ஓட்டத்தை நேரடியாக அளக்கும் முறை எதுவும் இன்று நடைமுறையில் இல்லை. அளக்கப்படாத ஒன்று பெருகியதாகச் சந்தையில் அறிவிக்கப்படுகின்றது என்பதே உண்மை நிலை.

அக்கூற்று எவரை நோக்கிப் பேசுகின்றது என்பதும் நோக்கத்தக்கது. உணவு நிறைந்த மேசையின் முன் அமர்ந்து உண்ணாதிருக்கத் தெரிவு செய்யக்கூடியவரே அதன் கேட்போர். 2016 ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட இலங்கையின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் அற்றோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதமாயிருக்க, தோட்டத் துறையில் 32 வீதமாயிருந்தனர். தன்னுண்ணலுக்கு நோபல் பரிசு கிடைத்த அதே ஆண்டின் கணக்கு இது. இப்பிள்ளைகளின் உடல் பட்டினியாற் புதுப்பிக்கப்படவில்லை, குறுகியது. பசியைப் பிணியென்றே பெயரிட்டு அழைத்த மரபு எம்முடையது. மணிமேகலை அதற்குச் சான்று. தெரிந்தெடுத்த நோன்பையும் திணிக்கப்பட்ட பசியையும் ஒரே சொல்லால் குறித்து, ஒன்றின் புகழை மற்றதன்மேல் ஏற்றுவது கருத்தியலின் வேலையேயன்றி விஞ்ஞானத்தின் வேலையன்று.

இத்தோட்டத் துறைக் கணக்கையும் நாம் முறையறிந்தே படித்தல் வேண்டும். உயரக் குறைவு, ஓர் ஆண்டில் எடுத்த நிலைப்படமே. அதற்குப் பின்னாலுள்ள ஓட்டத்தில் கூலி, விலைவாசி, தாயின் உழைப்பு நேரம், பிள்ளைக் காம்பராவின் நிலை, குடிநீர், நோய் என்னும் உள்வரவுகளும் வெளிச்செலவுகளும் உள. எவ்வாயில் அடைபட்டுள்ளது என்பதை அறியாமல் வழங்கப்படும் நிவாரணம், அடைபட்ட இலைசோசோமின் முன் மேலும் புடகங்களைக் குவிப்பதை ஒத்ததாகும்.

முடிவாக, தன்னுண்ணலின் வரலாறு மூன்று வினாக்களை எமக்குக் கற்பிக்கின்றது. கண்டது குவியலா, ஓட்டமா? வெளிவாயில் திறந்திருந்ததா என்று சோதிக்கப்பட்டதா? அளவீடு எவ்வுடலில், எவ்விடத்தில், எந்நிலையில் எடுக்கப்பட்டது? நரம்புக் கலம் பற்றிய செய்தியை வாசிக்கும்போதும், எமது சமூகம் பற்றிய புள்ளிவிபரத்தை வாசிக்கும்போதும் இவ்வினாக்களை எழுப்புவோமாயின், ஆய்வுகூடத்தில் தங்கிவிட்ட முறை மக்களின் கைக்கு வந்துசேரும். முடிவுகளைப் பரப்புவதிலும் பார்க்க அதுவே விஞ்ஞானத்தை மக்கள்மயப்படுத்தும் பணியாகும் என்பது எமது துணிபு.